வாசல் வெளிச்சத்தில் முகூர்த்தப் பட்டு

கோவை ஒப்பணக்கார வீதியில் கல்யாண ஜவுளி எடுக்க வரும் குடும்பங்களைக் கவனித்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பத்து இருபது சேலைகளை விரித்துப் போட்ட பிறகு, கூட்டத்தில் வயதில் மூத்த பெரியம்மாவோ அத்தையோ ஒன்றை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருப்பார். "வெளிச்சத்துல ஒருக்கா பாத்துப்போடலாம் வா கண்ணு" என்று கல்யாணப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கடை வாசலுக்கு நடப்பார். உள்ளேதான் பகல்போல விளக்கு எரிகிறதே என்று விற்பனையாளர் சொன்னாலும் கேட்கமாட்டார். இதைக் கிராமத்துப் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒளியியல் படித்தவர்கள் அவர் பக்கம்தான் நிற்பார்கள்.

சூரிய ஒளியில் ஊதாவிலிருந்து அடர்சிவப்பு வரை எல்லா நிறங்களும் இடைவெளி இல்லாமல் இருக்கின்றன. கடையின் வெள்ளை எல்இடி விளக்கு அப்படியல்ல. அதன் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் ஒரு சில்லு. அதன் மேல் பூசியிருக்கும் பொருள் அந்த நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. மலிவான விளக்குகளில் அடர்சிவப்பு மிகக் குறைவு. ஒளியில் இல்லாத நிறத்தைச் சேலை எங்கிருந்து திருப்பி அனுப்பும்? அரக்கு நிறப் பட்டு அந்த விளக்கின் கீழ் மங்கி, பழுப்பேறித் தெரிவது இதனால்தான். இன்னொரு தொல்லையும் உண்டு. வெவ்வேறு சாயம் ஏறிய இரண்டு துணிகள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகவும் வேறொரு விளக்கின் கீழ் வேறு வேறாகவும் தெரியலாம். கடையில் கச்சிதமாகப் பொருந்திய ரவிக்கைத் துணி வீட்டு முற்றத்தில் சேலையோடு ஒட்டாமல் போவது தையற்காரரின் குற்றமல்ல.

ஆனால் கொங்குக் கல்யாணங்கள் பலவற்றில் முகூர்த்தம் விடியுமுன், பிரம்ம முகூர்த்தத்தில் வருகிறது. அப்போது பெண்ணின் மேல் விழுவது சூரிய ஒளியல்ல, மண்டப விளக்கும் வீடியோக்காரரின் விளக்கும்தான். ஆகவே வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை, மஞ்சள் விளக்கின் கீழ் ஒருமுறை என்று இரண்டிலும் பார்க்க வேண்டும். இரண்டிலும் மனதுக்குப் பிடித்தால் அது உங்கள் சேலை. கைப்பேசிப் படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். கேமரா தானாகவே நிறச் சமநிலையை மாற்றிக்கொள்ளும்.

நிறம் தனியாக நிற்பதுமில்லை. பாரீசின் கோபலன் நெசவுக்கூடத்தில் 1824-இல் சாயப் பிரிவின் தலைவராகச் சேர்ந்த வேதியியலாளர் மிஷேல் செவ்ரொல் இதைப் பிடித்தார். அங்கே சில நிறங்கள், குறிப்பாகக் கறுப்பு, துணியில் சரியாக விழவில்லை என்று புகார் இருந்தது. சாயத்தைச் சோதித்தவர் அதில் குறை எதையும் காணவில்லை. குறை பக்கத்து நிறத்தில் இருந்தது. ஒரு நிறம் தன்னை ஒட்டியிருக்கும் நிறத்தைத் தனக்கு எதிரான நிறத்தின் பக்கம் தள்ளிக் காட்டுகிறது என்று கண்டு, 1839-இல் அதை ஒரு பெரிய நூலாக எழுதினார். நம் நெசவாளர்களின் கைக்கு இது எப்போதும் தெரியும். பச்சைக் கரைக்குப் பக்கத்தில் அரக்கு உடல் இன்னும் சிவக்கிறது. மாம்பழ மஞ்சளை ஒட்டினால் கத்தரிப்பூ நிறம் ஆழம் கொள்கிறது.

சேலைக்கு மிக நெருக்கமான பக்கத்து நிறம் பெண்ணின் தோல். "மாநிறத்துக்கு இது எடுக்காது, வெளிர் நிறமா பாருங்க" என்று பெண்ணை முன்னால் வைத்துக்கொண்டே சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. அது வருத்தம் தருவது மட்டுமல்ல, தவறும்கூட. கறுத்த தோலுக்கும் கடுகு மஞ்சள், அரக்கு, மயில்கழுத்துப் பச்சை போன்ற செறிந்த நிறங்களுக்கும் நடுவில் இரண்டையும் துலங்க வைக்கும் உறவு இருக்கிறது. வெளிர் நிறத்தைத் திணிப்பவர்கள் அந்தப் பெண்ணிடமிருந்து அதைப் பறிக்கிறார்கள். சேலையை மடியில் விரித்துப் பார்த்தால் போதாது. கழுத்தோரம் வைத்து, கண்ணாடியில் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் தெளிந்தால் அதுவே விடை.

இனி பட்டுக்கு வருவோம். உடுமலைப் பக்கத்திலும் கோபிசெட்டிபாளையத்திலும் மல்பெரித் தோட்டங்களுக்கு நடுவே புழு வளர்ப்பு மனைகளைப் பார்க்கலாம். முட்டையிலிருந்து வரும் புழு ஏறக்குறைய 25 நாளில், நான்கு முறை தோலுரித்து, பிறந்த எடையைப்போல் சுமார் பத்தாயிரம் மடங்கு பெருக்கிறது. பிறகு தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டி, இரண்டு மூன்று நாளில் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. நல்ல வெண்கூடு ஒன்றில் அறுபடாத ஒரே இழை ஆயிரம் மீட்டரைத் தாண்டும். அந்த இழையும் ஒன்றல்ல. புழுவின் இரண்டு சுரப்பிகளிலிருந்து வரும் இரண்டு இழைகளைச் செரிசின் என்ற பசை ஒட்டி வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் புரதத்துக்கு ஃபைப்ரோயின் என்று பெயர். அதன் குறுக்குவெட்டு வட்டமாக இல்லை, முனை மழுங்கிய முக்கோணமாக இருக்கிறது. அதன் தட்டையான பக்கங்கள் ஒளியைச் சிதறவிடாமல் சேர்த்துத் திருப்புவதால் பட்டுக்கு அந்த மினுமினுப்பு. பல செயற்கை இழைகளை முக்கோண வடிவில் செய்வது பட்டைப் பார்த்துக் கற்ற பாடம்.

செரிசினை வைத்திருப்பதா எடுப்பதா என்ற ஒரு முடிவில்தான் கோவை வட்டாரத்தின் இரண்டு சேலைகள் பிரிகின்றன. கச்சா பட்டின் எடையில் ஏறத்தாழ கால்பங்கு இந்தப் பசை. அதை எடுக்காமல், விறைப்பான பட்டு நூலைப் பருத்தியோடு சேர்த்து நெய்தால் புவிசார் குறியீடு பெற்ற கோவை கோரா காட்டன். அது உடம்பைவிட்டுச் சற்று விலகி நிற்கும், கொசுவம் கத்தி வைத்ததுபோல் மடியும். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசையை எடுத்துவிட்டால் நூல் குழைந்து மினுங்கும். மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் நெய்யப்படும் மென்பட்டு இந்த வகை. காஞ்சிபுரப் பட்டில் பல இழைகளைச் சேர்த்து முறுக்கிய கனமான நூல் ஓடும். மென்பட்டில் இழைகள் குறைவு, எடையும் குறைவு. விடியற்காலையில் கட்டி, சீர் முடித்து, பந்தி முடியும்வரை அவிழ்க்க முடியாத பெண்ணுக்கு எது வேண்டும் என்பதை அவளே கையில் தூக்கிப் பார்த்துச் சொல்லட்டும். கனம்தான் கௌரவம் என்பதை நான் ஏற்பதில்லை.

மயில்கழுத்து நிறச் சேலையை ஆட்டி ஆட்டிப் பாருங்கள். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். துணி நேராக இருக்கும்போது இரண்டும் கலந்து தெரியும். மடிப்பில் சாயும்போது ஒரு திசை இழை ஒளியைத் திருப்ப, மற்றது பின்வாங்கும். உண்மையான மயிலின் கழுத்தில் அந்த நீலத்துக்குச் சாயமே இல்லை. இறகுக்குள் மெலனின் துகள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் முறையே ஒளியைப் பிரித்து நிறம் காட்டுகிறது. மயிலின் நுண்ணிய கட்டமைப்பு தரும் மாயத்தை நெசவாளர் இரண்டு சாயத்தில் தந்துவிடுகிறார்.

வரவேற்புக்கு லெஹங்காவோ கவுனோ எடுப்பவர்களுக்கும், வெள்ளையில் திருமணம் செய்யும் கிறிஸ்தவப் பெண்களுக்கும் ஒரு செய்தி. 1840-இல் விக்டோரியா அரசி வெள்ளை உடுத்தி மணந்த பிறகுதான் வெள்ளை கவுன் பரவலான மோகமானது. பட்டின் இயல்பான வெள்ளை பாலாடை நிறம். பளீரென்ற வெள்ளைத் துணிகளில் பெரும்பாலும் புற ஊதாவை நீல ஒளியாக மாற்றும் ஒளிர்பொருள் சேர்ந்திருக்கும். பால்நிறப் பட்டு கவுனுக்குப் பளீர் வெள்ளை வலைத்துணி சேர்த்தால், பகலில் பட்டு அழுக்கேறியதுபோல் தெரியும்.

அசல் சரிகையின் நடுவில் சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூல். அதைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பி. மேலே மெல்லிய தங்க முலாம். எடையில் தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாமே தங்கம். இடுக்குகளில் எட்டிப் பார்க்கும் சிவப்பு அந்தப் பொன்னுக்குச் சூடேற்றுகிறது. சரிகை கறுப்பது வெள்ளியின் குணம். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து அது வெள்ளி சல்பைடாகிறது. வாசனைத் திரவியத்தைச் சேலை கட்டும் முன்பே உடம்பில் பூசி உலரவிடுங்கள்.

வெள்ளி வெள்ளையாக இருக்க, தங்கம் மட்டும் ஏன் மஞ்சள்? ராஜ வீதி நகைக்கடைகளில் நிற்கும்போது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தங்க அணுவின் கருவில் 79 புரோட்டான்கள். அந்த இழுப்பில் உள்வட்ட எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் இருக்கின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விதிகள் செல்லுபடியாகின்றன. எலெக்ட்ரான் மட்டங்கள் இடம் மாறி, அவற்றுக்கிடையேயான இடைவெளி நீல ஒளியின் ஆற்றலுக்குச் சமமாகக் குறுகுகிறது. தங்கம் நீலத்தை விழுங்குகிறது, மீதி மஞ்சளாகத் திரும்புகிறது. வெள்ளியில் அந்த இடைவெளி புற ஊதா வரை விரிந்திருப்பதால் எல்லா நிறமும் திரும்பிவிடுகின்றன. சார்பியல் இல்லையென்றால் தாலியும் வெள்ளி நிறத்தில்தான் இருந்திருக்கும். வாங்கும்போது 916 முத்திரையோடு ஆறு எழுத்து, எண் கொண்ட தனி அடையாளக் குறியையும் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம்.

கல் நகை விரும்புபவர்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தபோது மணி செய்யும் தொழிலின் எல்லாக் கட்டங்களும் கிடைத்தன: கச்சாக் கல், பாதி தேய்த்தது, துளையிட்டது, மெருகேற்றியது. நூல் நூற்கும் தக்களி வில்லைகளும் அங்கே கிடைத்தன. பதிற்றுப்பத்து அந்த ஊரைக் கொடுமணம் என்று அணிகலனுக்காகக் குறிப்பிடுகிறது. காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த பெரில் கல்லை அங்கே மணியாக்கினார்கள். பெரில் கற்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். தூய பெரிலுக்கு நிறமே இல்லை. துளி இரும்பு கலந்தால் கடல்நீலம், துளி குரோமியம் கலந்தால் மரகதம்.

மருதாணியும் பட்டும் வேதியியலில் உறவுக்காரர்கள். இலையிலுள்ள லாசோன் தோலின் கெரட்டின் என்ற புரதத்தோடு பிணைகிறது. சாயம் பட்டின் புரதத்தில் ஏறுவதும் இதை ஒத்ததே. மருதாணி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் முழு நிறம் காட்டும். ஆகவே முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் வைப்பது நல்லது. உடனே கறுக்கும் 'கறுப்பு மருதாணி'யைத் தொடவே வேண்டாம். அதில் சேர்க்கப்படும் முடிச்சாய வேதிப்பொருள் கையைக் கொப்புளிக்க வைத்து, வாழ்நாள் ஒவ்வாமையை விட்டுச் செல்லக்கூடும். ஈரோட்டு மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவக்கும் ஆரத்தித் தண்ணீரும் வேதியியல்தான். காரம் பட்டவுடன் குர்குமின் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறுகிறது. சத்தியமங்கலத்து மல்லி மாலையில் இதழ் விரியும்போதுதான் மணத்தை வெளியிடத் தொடங்குகிறது. அதனால் விடிகாலைச் சடைக்கு முந்தைய நாள் மொட்டாகப் பறித்த பூ போதும்.

பட்டு எடுத்த பிறகு ஒரு வேண்டுகோள். பட்டு ஒரு புரதம். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும். வெயிலில் காய்ந்தால் பழுப்பேறும். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள். அதைவிட நல்லது, அடிக்கடி உடுத்துவது. மறுபடி கட்ட மனம் வராத சேலையை, அது எத்தனை லட்சமானாலும், கல்யாணத்துக்கு எடுக்காதீர்கள்.