திரைப்பதிவு (கணினி)

திரைப்பதிவு என்பது கணினித் திரையில் நிகழ்வனவற்றை விளக்கக் குரலுடன் சேர்த்துப் பதிவு செய்யும் நிகழ்படம் ஆகும். சுட்டியின் நகர்வு, திறக்கும் பட்டிகள், தட்டச்சு ஆகியன வரிசை மாறாமல் பதிவாவதால் மென்பொருள் கற்பித்தலில் இது பெரிதும் பயன்படுகின்றது. ஆங்கிலத்தில் இது ஸ்கிரீன்காஸ்ட் எனப்படும். இதழாளர் ஜான் உடெல் 2004 இல் தம் வாசகர்களிடம் பெயர் கேட்டபோது வந்த பரிந்துரைகளில் இருந்து இச்சொல் தெரிவு செய்யப்பட்டது. லோட்டஸ் ஸ்கிரீன்கேம் போன்ற பதிவு மென்பொருட்கள் 1990களிலேயே இருந்தன.

உருவாக்கம்

1. திரையில் காட்ட வேண்டியது ஒரு நிரலிலும், அதற்குரிய பேச்சு அடுத்த நிரலிலும் எழுதப்படும்.
2. அம்மென்பொருளை அறியாத ஒருவர் உரையைப் படித்துச் செய்து பார்ப்பார். அவர் தடுமாறும் இடங்கள் திருத்தப்படும்.
3. எழுத்துரு பெரிதாக்கப்பட்டு, தேவையற்ற சாளரங்கள் மூடப்பட்டுத் திரை பதிவு செய்யப்படும். ஓபிஎஸ் ஸ்டுடியோ இதற்கு உதவும் கட்டற்ற மென்பொருளாகும்.
4. குரல் தனியே பதிவு செய்யப்பட்டு, ஒடாசிட்டி போன்ற மென்பொருளில் இரைச்சல் குறைக்கப்பட்டு, படத்துடன் இணைக்கப்படும்.

திரையின் பெரும்பகுதி அசையாது இருப்பதால், நொடிக்குச் சில சட்டங்களே போதுமானவை. கோப்பின் அளவும் சிறிதாகும்.

ஸ்போக்கன் டுடோரியல்

இந்தியாவில் இம்முறையைப் பரவலாகக் கையாண்ட திட்டம், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் ஆகும். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில், நடுவண் அரசின் நிதியுதவியுடன் இது வளர்ந்தது. லிப்ரே ஆபிஸ், சைலேப், பைத்தான் முதலான கட்டற்ற மென்பொருட்களுக்கு ஏறத்தாழ 10 நிமிடப் பாடங்கள் உருவாக்கப்பட்டுள்ளன. திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறுபாதியில் மென்பொருளையும் வைத்து, பாடத்தை நிறுத்தி நிறுத்திச் செய்து பார்ப்பது இதன் கற்றல் முறை.

தமிழாக்கம்

இப்பாடங்களில் குரல் மட்டுமே தமிழாக்கப்படுகின்றது. திரை ஆங்கிலத்திலேயே இருக்கும். எனவே ஒரே பதிவு பல மொழிகளுக்குப் பயன்படுகின்றது. தமிழ்த் தொடர் நீண்டால் பேச்சு முடிவதற்குள் திரை மாறிவிடும். ஆதலால் மொழிபெயர்ப்பாளர் நேரக்குறிப்புக்கு ஏற்பத் தொடரைச் சுருக்க வேண்டும். பட்டிகளின் பெயர்கள் திரையில் உள்ளவாறே ஒலிக்கப்பட வேண்டும். "கோப்பு" என்று மட்டும் சொன்னால், "ஃபைல்" என்ற சொல்லைத் திரையில் தேடும் மாணவருக்கு அது உதவாது.

பயன்

புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆலங்குடி போன்ற பகுதிகளில் தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு, மென்பொருளும் ஆங்கில விளக்கமும் ஒரே நேரத்தில் சுமையாகலாம். தமிழ்க் குரல் இரண்டாவது சுமையை நீக்குகின்றது. திரையில் காணும் ஆங்கிலச் சொற்களும் பழக்கமாகின்றன. ஒருமுறை தரவிறக்கினால், இணைய இணைப்பு இல்லாத கணினியிலும் பாடத்தைப் பயன்படுத்தலாம்.

குறைபாடுகள்

மென்பொருளின் இடைமுகம் மாறினால் பதிவு பழையதாகிவிடும். நிகழ்படத்தில் ஒரு சொல்லைத் தேடுவதும் கடினம். உரையையும் உடன் வெளியிடுவது இவ்விரண்டுக்கும் துணையாகும்: உரையில் தேட இயலும், மாறிய பகுதியை மட்டும் திருத்தி மீண்டும் பதிவு செய்யவும் இயலும்.