உரோமாபுரியும் திருவட்டாறும்

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் ஒன்றின் பொருட்டு நான் உரோமாபுரி சென்றிருந்தேன். வேலை முடிந்தபின் நகரைச் சுற்றிப் பார்க்க மூன்று நாள்கள் கிடைத்தன. நான் தங்கியிருந்த விடுதியில் முதியவர் ஒருவர் என் ஊரைப் பற்றி வினவினார். "திருவட்டாறு, இந்தியாவின் தென்கோடியில் உள்ள சிற்றூர்" என்றேன். "அங்கே காண்பதற்கு என்ன உண்டு?" என்றார். "சொல்லும்படியாக ஒன்றும் இல்லை" என்று விடை கூறிவிட்டேன். அவ்விடை எத்தகைய பிழை என்பதை அந்த நகரமே எனக்கு உணர்த்திற்று. மாணவ மாணவியராகிய உங்களிடம் அதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதல் நாள் கொலோசியம் என்னும் பேரரங்கைக் கண்டேன். கி.பி. 80-இல் திறக்கப்பட்ட அவ்வரங்கில் ஏறத்தாழ 50,000 மக்கள் அமர்ந்து விளையாட்டுகளைக் காணலாம். அதற்கு 80 வாயில்கள் இருந்தன. வாயில்களின் மேல் பொறித்த எண்கள் சில இன்றும் தெரிகின்றன. கூட்டம் நெரிசலின்றி வெளியேறவேண்டும் என்று அக்காலத்திலேயே எண்ணியிருக்கிறார்கள்! ஆயினும் அரங்கின் ஒரு பக்கம் இடிந்து கிடக்கிறது. நில நடுக்கம் அதைச் சிதைத்தது உண்மை. ஆனால் விளையாட்டுகள் ஓய்ந்தபின், அதனால் ஒரு பயனும் இல்லை என்று கருதிய மக்கள், கற்களைப் பெயர்த்துக்கொண்டு போய் வேறு கட்டடங்கள் எழுப்பினர் என்பதும் உண்மை.

அடுத்த நாள் பாந்தியன் என்னும் கோயிலுக்குச் சென்றேன். ஆதிரியன் என்னும் பேரரசன் காலத்தில், இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டி முடிக்கப்பட்டது அது. அதன் குவிமாடத்தின் குறுக்களவு 43 மீட்டருக்கு மேல். சுண்ணாம்பையும் எரிமலைச் சாம்பலையும் கலந்த காரையால், இரும்புக் கம்பி ஒன்றுகூட வையாமல் வார்த்த மாடம் அது. உச்சியில் வட்டமான திறப்பு ஒன்று உண்டு. அதன் வழியே இறங்கும் ஞாயிற்றின் ஒளி, நேரம் செல்லச் செல்லச் சுவரில் நகர்கிறது. இக்கோயில் ஏன் சிதையாமல் நின்றது? கி.பி. 609-இல் இது கிறித்தவ ஆலயமாயிற்று. அன்று முதல் வழிபாடு நடந்துவருவதால் பேணுவோரும் இருந்தனர்.

அந்த ஒளியைக் கண்டு நின்றபோது எங்கள் ஊர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் நினைவுக்கு வந்தது. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று அது, நம்மாழ்வாரால் பாடப்பெற்றது. மேற்கு நோக்கிப் பள்ளிகொண்ட பெருமாளின் திருமேனி 22 அடி நீளமுடையது. ஆகவே மூன்று வாயில்கள் வழியே திருமுகத்தையும் திருமேனியையும் திருவடியையும் தனித்தனியே கண்டு வணங்குகிறோம். சாளக்கிராமக் கற்களை அடுக்கி, மூலிகைகளும் பிசின்களும் மண்ணும் சேர்ந்த கடுசர்க்கரைக் கலவையால் உருவாக்கிய மேனி. எனவே அதற்கு நீராட்டு இல்லை. புரட்டாசியிலும் பங்குனியிலும் சில நாள்கள், மறையும் ஞாயிற்றின் கதிர் கருவறைக்குள் புகுந்து இறைவன்மேல் படும் என்பர். 2022-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், 418 ஆண்டுகளுக்குப் பின் குடமுழுக்கு நடைபெற்றது. பாந்தியனின் ஒளியைக் காணக் கடல் கடந்து சென்ற நான், என் ஊர்க் கருவறையில் விழும் ஒளியைக் காண ஒரு மாலைப்பொழுதும் காத்திருந்ததில்லை!

மூன்றாம் நாள் நகரின் தென்கிழக்கே உள்ள ஒரு பூங்காவுக்குச் சென்றேன். கிளாடியசு மன்னன் காலத்தில், கி.பி. 52-இல் முடிந்த நீர்ப்பாலம் அங்கே வளைவு வளைவாக நிற்கிறது. ஏறத்தாழ 69 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நகருக்கு நீர் கொண்டுவந்த வழி அது. நீரை இறைக்கப் பொறி ஏதும் இல்லை. நீர் தானாகவே ஓடும்படி, தொடக்கம் முதல் முடிவு வரை சிறு சரிவு வைத்தார்கள். இடையில் பள்ளம் வந்தால் சரிவு கெடும். அதனால் பள்ளத்தின்மேல் தூண்களை எழுப்பி, வாய்க்காலை வானத்தில் நடத்தினார்கள். கி.பி. 537-இல் நகரை முற்றுகையிட்ட கோத்தியர் இத்தகைய நீர்வழிகளைத் துண்டித்தனர். நீர் குறைந்த நகரம் நாளடைவில் சுருங்கிற்று.

அன்று மாலை திரெவி நீரூற்றின் அருகே நின்றேன். மீண்டும் இந்நகருக்கு வரவேண்டும் என்று விரும்புவோர் அதில் நாணயம் எறிகிறார்கள். ஊற்றின் சிற்பங்கள் 1762-இல் நிறைவுற்றவை. அதற்கு நீர் தந்த வழியோ, கி.மு. 19-இல் அகரிப்பா அமைத்தது. இடையில் பழுதுற்றும், மீண்டும் மீண்டும் செப்பனிடப்பெற்றுப் பிழைத்த வழி அது.

அப்போது என் மனக்கண்முன் மாத்தூர்த் தொட்டிப்பாலம் எழுந்தது. திருவட்டாற்றிலிருந்து சிறிது தொலைவிலேயே அது உள்ளது. காமராசர் முதலமைச்சராய் இருந்த காலத்தில் திட்டமிடப்பெற்று, 1966-இல் முடிந்தது. பட்டணங்கால்வாயின் நீரை, பறளியாற்றின் மேலாக ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குக் கொண்டுசெல்கிறது. 28 தூண்கள், 115 அடி உயரம், 1,200 அடிக்கு மேற்பட்ட நீளம். உரோமாபுரியில் நான் கண்ட வளைவுகளைவிட இது உயர்ந்தது. சரிவின் கணக்கோ ஒன்றே. அங்கே பூங்காவில் வறண்டு நிற்பது, இங்கே விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் வயல்களுக்கு நீர் ஊட்டுகிறது. அந்நீர் பாயும் வயல்களுள் எங்கள் வயலும் ஒன்று. எங்கள் பக்கத்தில் தண்ணீரை "வெள்ளம்" என்போம். "கால்வாயில் வெள்ளம் வந்ததா?" என்று என் பாட்டனார் நாள்தோறும் கேட்டது செவியில் ஒலித்தது. அவர் உண்ட சோற்றுக்கும் நான் கற்ற கல்விக்கும் வழிசெய்த பாலத்தைத்தான் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டேன்!

ஊர் திரும்பியதும் கல்லூரியில் பயிலும் என் தமக்கை மகளை அழைத்துக்கொண்டு மாத்தூர் சென்றேன். பாலத்தின்மேல் நடந்தோர் பலர் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். நீர்த்தொட்டியில் வெற்றுப் போத்தல்கள் மிதந்தன. "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது, மாமா?" என்று அவள் கேட்டாள். வயல் வரை கூட்டிச் சென்று காட்டினேன். மடையில் அடைத்துக் கிடந்த அத்தகைய போத்தல் ஒன்றை அவளே எடுத்து எறிந்தாள். காணவந்தவர் கைவிட்டது உழவனின் மடையை அடைக்கிறது என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாணவர்களே, வாய்ப்புக் கிடைத்தால் உரோமாபுரிக்குச் செல்லுங்கள். ஆனால் எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இஃது எதற்காக எழுந்தது? எவ்வாறு நிற்கிறது? இதைப் பேணுபவர் யார்? உள்ளூரில் கேட்டுப் பழகியவருக்கே வெளியூரில் விடை எளிதில் புலப்படும்.

அன்றிரவே அந்த முதியவருக்குக் கடிதம் எழுதினேன். "ஐயா, அன்று நான் சொன்னது தவறு. எங்கள் ஊரில் ஒளி விழும் கருவறை ஒன்றும், இன்றும் நீர் ஓடும் பாலம் ஒன்றும் உள்ளன. காண வாருங்கள்" என்பதே அக்கடிதம்.