தொழில்முறையாக்கம்: சொல்லின் பொருளும் பயனும்

தமிழில் 'தொழில்' என்பது மிக விரிந்த பொருளுடைய சொல். உழவும் தொழில், மருத்துவமும் தொழில், ஆலை நடத்துவதும் தொழில். ஆதலின் 'தொழில்மயமாக்கம்', 'தொழில்முறையாக்கம்' ஆகிய இரு கலைச்சொற்களும் ஒன்றென மயங்கப்படுவதுண்டு. ஆலைகளும் இயந்திரங்களும் நாட்டின் பொருளாதாரத்தில் முதன்மை பெறுதலை முன்னது குறிக்கும். ஒரு பணியைச் செய்வோர் வரையறுக்கப்பட்ட கல்வியும் பயிற்சியும் பெற்று, பதிவேட்டில் இடம்பெற்று, பொதுவான ஒழுக்க விதிகளுக்கு உட்பட்டு அதனை ஆற்றும் நிலையை எய்துதல் பின்னதன் பொருளாகும். ஊதியம் பெறுதல் ஒன்றே தொழில்முறையாக்கம் ஆகாது.

மகப்பேற்றுப் பணி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கிராமத்து மருத்துவச்சிகள் இப்பணியைத் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தால் கற்றனர். அவர்களுடைய அனுபவம் பெரிது. எனினும், கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளைப் பற்றிய அறிவு அவ்வழியில் கிட்டவில்லை. தூய்மையற்ற கருவியால் கொப்பூழ்க்கொடியை அறுத்தபோது இரணஜன்னிக் கிருமி உட்புகுந்து பல சிசுக்களின் உயிரைக் கவர்ந்தது.

சென்னை மாகாணத்தில் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியரையும் மருத்துவச்சியரையும் பதிவு செய்ய வழிவகுத்தது. 1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் நாடெங்கும் பயிற்சியில் ஒரே தரம் நிலவவேண்டும் என்னும் நோக்குடையது. 2023-இல் இத்துறைக்கெனத் தேசிய ஆணையம் அமைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றியது.

ஆயினும், சான்றிதழ் இல்லாத மருத்துவச்சி அறிவற்றவள் எனக் கொள்ளுதல் தவறு. தாய்மார்களின் நம்பிக்கை அவளிடமே இருந்தது. அவளை விலக்கியிருந்தால் அந்நம்பிக்கையும் விலகியிருக்கும். எனவே, கை கழுவுதல், புதிய பிளேடு, தூய நூல் ஆகியவற்றின் இன்றியமையாமை அவளுக்கும் கற்பிக்கப்பட்டது. இத்தகைய பயிற்சி, கருவுற்ற பெண்களுக்குத் தடுப்பூசி, மருத்துவமனைப் பேறு ஆகியவை ஒருங்கே பயன் தந்தன. ஒவ்வொரு மாவட்டத்திலும் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுள் ஒன்றுக்கும் குறைவாகவே இந்நோய் காணப்படும் நிலையை இந்தியா 2015-இல் எய்தியது.

இச்சொல்லை ஆளுங்கால் ஒரு சோதனை உதவும். மாறுவது பணியாளரின் பயிற்சி, தகுதி, பொறுப்பு ஆகியவையா, அன்றி உற்பத்தி முறையா எனக் காணவேண்டும். 'ஆசிரியப் பணியின் தொழில்முறையாக்கம்' என்பது பொருந்தும். கைத்தறிக்கு மாற்றாக ஆலை அமைத்தலை அச்சொல்லால் குறித்தல் பொருந்தாது; அது தொழில்மயமாக்கமே. இவ்வேறுபாட்டைக் களப்பணியாளரும் ஆசிரியரும் மனத்திற் கொள்வார்களாயின், அறிக்கைகளில் பொருள் மயக்கம் நீங்கும்; பழைய பணியாளரை நீக்குவதன்று, அவரை உயர்த்துவதே நோக்கம் என்பதும் மக்களுக்கு விளங்கும்.