அரைமணி நேரத் தொப்பி

பிறந்த குழந்தையின் புகைப்படத்துக்காகப் பின்னப்படும் குட்டித் தொப்பிகளுக்கு ஏக மவுசு. பின்னும் கைகளின் நேரத்துக்குத்தான் விலை இல்லை.

கரடிக் காது, பூசணிக் காம்பு, கண்ணனின் மயிற்பீலி. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குழந்தையின் தலையில் இவற்றில் ஏதோ ஒன்று ஏறுகிறது. குழந்தை தூங்க, காமிரா கண் சிமிட்டுகிறது. அரைமணி நேரத்தில் தொப்பியின் வேலை முடிந்துவிடுகிறது. பின்னியவருக்கு அது ஒரு மாலைப்பொழுது.

பச்சைக் குழந்தையைப் படமெடுத்தால் கண்பட்டுவிடும் என்று பாட்டிகள் தடுத்த நாட்டில், இன்று பெருநகரங்களில் இதற்கென்றே ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. பூவாகவும் பூச்சியாகவும் குழந்தைகளுக்கு வேஷம் கட்டி ஆன் கெடிஸ் எடுத்த படங்கள் 1996இல் ‘டவுன் இன் தி கார்டன்’ என்ற புத்தகமாக வந்தன. அந்த ரசனையின் வாரிசுதான் இது.

ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. அசல் குரோஷா பின்னலுக்குக் கிடையாது. ஒற்றைக் கொக்கி ஊசியும் விரல்களும்தான். சிறு நூல் வளையத்தில் தொடங்கி, சுற்றுக்கு ஆறு கண்ணிகளாகக் கூட்டினால் வட்டம் விரியும். கூட்டுவதை நிறுத்தினால் விளிம்பு இறங்கித் தொப்பியாகும். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. நூல் இழுபடும் என்பதால் தொப்பி அதைவிடச் சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும். மணியோ பொத்தானோ கழன்று வாய்க்குள் போய்விடக் கூடாது. படம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். தூங்கும் குழந்தைக்கு அதனால் உடல் சூடு ஏறலாம்.

இவ்வளவு கவனம் கேட்கும் வேலைக்கு என்ன கிடைக்கிறது? ஒரு தொப்பி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கும் கூரியருக்கும் 150 போனால் மிச்சம் 250. பின்ன மூன்று மணி. காது தைத்து, நூல் முனைகளை மறைத்து, பார்சல் கட்ட இரண்டு மணி. ஆக, மணிக்கு 50 ரூபாய். அதிலும் பேரம் உண்டு: “வீட்டில் சும்மா இருக்கும்போது பின்னுவதுதானே?”

இந்தக் கேள்வி பழையது. ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள நரசாபுரத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் குரோஷா லேஸைக் கொண்டுவந்தார்கள். அது ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. அங்கே ஆய்வு செய்த ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ், 1982இல் வெளியிட்ட நூலில் கண்ட உண்மை: உலகச் சந்தைக்காக உழைத்த அந்தப் பெண்களை யாரும் தொழிலாளிகளாகக் கருதவில்லை. அவர்கள் ‘ஓய்வு நேரத்தில் பின்னும் குடும்பப் பெண்கள்’. அந்தப் பெயரே கூலியைக் குறைக்கப் போதுமானதாக இருந்தது. 2024இல் நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும், கூலியைக் காக்காது.

தொப்பி பின்னும் பெண்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பலர் இடைத்தரகர் இல்லாமல் ஸ்டுடியோக்களுக்கு நேரடியாக விற்கிறார்கள். விலையைத் தாங்களே சொல்லலாம். அப்படிச் சொல்லும்போது நூலை மட்டுமல்ல, நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். படம் ஆயுள் முழுக்க ஆல்பத்தில் இருக்கப்போகிறது. ஐந்து மணி நேர உழைப்புக்கு நியாயமான கூலி கேட்பதில் தவறில்லை.