கடன்தகுதி எண்ணின் எடை

கொடுத்தலும் திரும்பப் பெறுதலும் ஒரே பொழுதில் நிகழாத கொடுக்கல் வாங்கலைக் கடன் என்கிறோம். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் கொடுத்தவர் உள்ளத்தில் நிலவும் ஐயத்தை அளந்து கூறுவது கடன்தகுதி எண். மக்கள் நாவில் அது சிபில் ஸ்கோர். அதன் எல்லை 300 முதல் 900 வரை. பழைய கடன்களின் தவணைகள் உரிய நாளில் செலுத்தப்பட்டனவா, கடன் அட்டை வரம்பில் எவ்வளவு பயன்படுத்தப்பட்டுள்ளது, எத்தனை ஆண்டுகளாகக் கடன் கையாளப்படுகிறது, அண்மையில் எத்தனை இடங்களில் கடன் வேண்டப்பட்டது என்னும் பதிவுகளிலிருந்து அது வடிக்கப்படுகிறது. ஒருவருடைய ஊதியத்தை அது அறியாது, சேமிப்பையும் அறியாது. அத்தகைய எண்ணைக் கடன் கொடுப்போர் மெய்யாகவே பொருட்படுத்துகின்றனரா எனின், கடன் வேண்டுபவரைப் பற்றி அவர்களுக்கு வேறு வழியில் தெரிந்தது எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு எண்ணின் எடை கூடும் என்பதே நான் கண்ட அடிப்படை நெறி.

இவ்வெண்ணின் கணித வேர், பூக்களை வகைப்படுத்தும் முயற்சியில் உள்ளது. 1936-இல் இங்கிலாந்து அறிஞர் ரொனால்டு ஃபிஷர், ஐரிசுப் பூவினங்களின் புல்லியிதழ், அல்லியிதழ் ஆகியவற்றின் நீள அகலங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அளவுக்கும் தக்க எடை தந்து கூட்டினால், கிடைக்கும் ஒற்றை எண்ணே இனம் பிரித்துக் காட்டும் என்று நிறுவினார். ஐந்தே ஆண்டுகளில், 1941-இல், அமெரிக்கரான டேவிட் டுராண்ட் அதே பிரித்தறி முறையைத் தவணைக் கடன்களின் மேல் செலுத்தி, திரும்பும் கடனையும் திரும்பாக் கடனையும் பிரிக்க முயன்றார்.

1956-இல் பொறியாளர் வில்லியம் ஃபேரும் கணித அறிஞர் ஏர்ல் ஐசக்கும் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம், இம்முறையைத் தொழிலாக்க முற்பட்டது. 1958-இல் அவர்கள் கடன் கொடுக்கும் 50 நிறுவனங்களுக்கு மடல் விடுத்தனர். மறுமொழி விடுத்தது ஒன்றே ஒன்று. இதனை அறியாமை என்று நான் கொள்ளவில்லை. கடன் கேட்பவரை நேரில் கண்டும், அவர் குடும்பத்தை அறிந்தும் கொடுத்து வந்தவர்க்கு எண் தேவைப்படவில்லை. கடன் அட்டை பரவி, கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் காணாமலே கொடுக்கல் வாங்கல் நிகழத் தொடங்கிய பின்னரே தேவை பிறந்தது. எந்நிறுவனமும் பயன்படுத்தத்தக்க பொது எண் 1989-இல் வந்தது. 1995-இல் அமெரிக்க வீட்டுக்கடன் துறையின் பெருநிறுவனங்களான ஃபேனி மே, ஃபிரெடி மேக் இரண்டும் அதனைப் பரிந்துரைத்தன.

எண்ணின் உள்ளமைப்பு வியக்கத்தக்க ஒழுங்குடையது. இன்னார் தவறுவார் என்று அது கூறுவதில்லை. ஒரே எண்ணைப் பெற்ற பல்லாயிரவருள் எத்தனை பேர் தவறக்கூடும் என்பதையே கூறுகிறது. செலுத்துவோர்க்கும் தவறுவோர்க்கும் உள்ள தகவினை, நம் பள்ளிப் பாடநூல்கள் கற்பிக்கும் மடக்கையாக மாற்றி அளவுகோலை அமைப்பது வழக்கம். 20 புள்ளிக்கு ஒருமுறை தகவு இருமடங்காகும்படி அமைத்த அளவுகோலில், ஓரிடத்தில் தவறும் ஒருவருக்கு 30 பேர் செலுத்துவாரெனில், 40 புள்ளி மேலே அது 120 பேராகும். வெளியே புள்ளிகள் கூட்டப்படுகின்றன. உள்ளே தகவுகள் பெருக்கப்படுகின்றன.

இந்தியாவில் முதற் கடன் பதிவகமான சிபில் 2000-இல் நிறுவப்பட்டது. இத்துறைக்கான சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. தனியாளுக்கான எண் 2007-இல் வந்தது. இன்று பதிவகங்கள் நான்கு; ஆகவே ஒருவருக்கே நான்கு எண்கள் இருக்கக்கூடும். முன்சொன்ன நெறியை இங்குள்ள கடன் வகைகளில் தெளிவாகக் காணலாம். ஈடில்லாத தனியாள் கடனிலும் கடன் அட்டையிலும் எண்ணே வாயில். வரம்புக்குக் கீழிருப்பின், மேலாளர் கண்ணில் படாமலே வேண்டுகை திரும்பிவிடக்கூடும். வீட்டுக்கடனில் வீடே ஈடு. ஊதியச் சான்றும் வரிக்கணக்கும் நில ஆவணமும் ஆராயப்படுகின்றன. வருவாயில் எவ்வளவு பங்கு தவணைகளுக்கே போகிறது என்பதும் கணக்கிடப்படுகிறது. அங்கே எண் ஒரு சான்று மட்டுமே. ஆயினும் வட்டியில் அதன் கை நீளம். 2019 அக்டோபர் முதல் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரெப்போ வட்டி போன்ற வெளி அளவையோடு பிணைக்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி பணித்தது. அதன்மேல் ஏற்றும் கூடுதல் வட்டியை வங்கிகள் பல இவ்வெண்ணைக் கொண்டு வகுக்கின்றன. 30,00,000 ரூபாயை 20 ஆண்டுகளில் அடைக்கும் ஒருவர், 8.5 விழுக்காட்டுக்கு மாறாக 9 விழுக்காடு செலுத்த நேர்ந்தால், 2,29,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுப்பார். நகைக்கடனிலோ பொன்னின் எடையும் மாற்றும் பேசிவிடுவதால், எண் பெரும்பாலும் பின்னிருக்கைக்குப் போய்விடுகிறது. ஒருவரையொருவர் நன்கறிந்த மகளிர் குழுக்களில் அவ்வறிவே பிணையாகிறது.

கடனே வாங்காதவருக்கு எண்ணே இராது. பதிவு இல்லாமை தீய பதிவு ஆகாது என்பதை நான் உறுதியாகக் கருதுகிறேன். முதன்முறை கடன் வேண்டுவோரை, பழைய பதிவு இல்லை என்பதற்காக மட்டும் மறுத்தல் கூடாது என்று ரிசர்வ் வங்கியும் 2025 சனவரி 6-ஆம் நாளிட்ட நெறியுரையில் கூறியுள்ளது. பதிவில் பிழை புகுந்து, முறையிட்டு 30 நாளில் தீராவிடில், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈட்டுத்தொகை உண்டு. ஒருவர் தம் முழுப் பதிவறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பதிவகத்திலும் கட்டணமின்றிப் பெறலாம். கடன் வேண்டும் நாளுக்குச் சில திங்கள் முன்பே பெற்றால்தான் திருத்த நேரம் இருக்கும்.

பழைய பதிவு இல்லாதவரை அறிய வேறு வழியும் உண்டு. கடன் வேண்டுபவரின் இசைவோடு அவருடைய வங்கி வரவு செலவைக் கொடுப்பவரிடம் நேரே சேர்க்கும் கணக்குத் திரட்டி அமைப்பு 2021 செப்டம்பரில் செயலுக்கு வந்துள்ளது. ஊதியச் சீட்டும் பழைய கடனும் இல்லாத தேநீர்க் கடைக்காரர் நாள்தோறும் யூபிஐ வழியாகப் பெறும் வரவை இனி வங்கி நேரே காண இயலும்.