250 என்னும் வாக்குறுதி: மின்னஞ்சல் வழங்கி ஒன்றை எழுதிப் பார்த்த கதை

நெகிரி செம்பிலான், பகாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில்தான் என் தாத்தா வாழ்ந்தார். முதலில் பால்மரம் வெட்டினார். முதுகு ஒத்துழைக்காமல் போனபின் தோட்ட அலுவலகத்தில் சிறு வேலைகள் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்று, சைக்கிளில் பட்டணத்துக்குப் போய்க் கடிதப் பையைத் தூக்கி வருவது. பையைப் பெற்றுக்கொண்டதாக அலுவலகத்தில் ஒருவர் பதிவேட்டில் கையெழுத்திடுவார். அதன்பின் லயத்து வீடுகளுக்குக் கடிதம் போய்ச் சேர்வது அவர் பொறுப்பு.

1994ஆம் ஆண்டு என் சித்தப்பாவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. பையைத் தூக்கி வந்தவர் அவருடைய சொந்தத் தகப்பனார். பதிவேட்டில் கையெழுத்தும் விழுந்தது. ஆனால் கடிதம் மேசை இழுப்பறையில் மூன்று வாரம் கிடந்தது. கைக்குக் கிடைத்தபோது தேர்வு நாள் கடந்துவிட்டது. சித்தப்பா இன்று லாரி ஓட்டுகிறார். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. தாத்தா மட்டும் சாகும்வரை ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: “கையெழுத்துப் போட்டவன் கொடுத்தே ஆகணும்யா.”

கணினி அறிவியல் மாணவனின் கட்டுரையில் கடிதப் பைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் இறுதியாண்டு ஆய்வுத்திட்டம் மின்னஞ்சல் வழங்கி ஒன்றை எழுதுவது. அந்த மென்பொருளின் உயிர்நாடியே தாத்தா சொன்ன அந்த வார்த்தைதான் என்பதை எழுதி முடித்த பிறகே உணர்ந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பின் தேசிய இடைநிலைப்பள்ளியில் கணினியை மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்றவன் நான். சொல்லில் பிழை இருந்தால் மூத்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

வழங்கி என்ன செய்கிறது?

நாம் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும் மடல் நேரே நண்பரிடம் போய்விடுவதில்லை. நம் வழங்கி, நண்பரின் வழங்கியைத் தேடிப்பிடித்துப் பேசுகிறது. அந்தப் பேச்சுக்கான ஒழுங்குமுறையே எஸ்.எம்.டி.பி. ஜான் போஸ்டல் என்பவர் 1982இல் அதை வரையறுத்தார். அனுப்பும் வழங்கி முதலில் வணக்கம் சொல்லும். யாரிடமிருந்து, யாருக்கு என்று அடுத்துச் சொல்லும். பிறகு மடலைக் கொடுத்து, கடைசி வரியில் ஒரு தனிப் புள்ளி வைத்து முடிக்கும்.

ஒவ்வொரு படியிலும் எதிர்ப்பக்கம் மூன்று இலக்க எண்ணால் பதில் கூறும். 4இல் தொடங்கினால் ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று பொருள். 5இல் தொடங்கினால் ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்பது போன்ற முடிவான மறுப்பு. அந்தக் கடைசிப் புள்ளிக்குப் பின் 250 என்று பதில் வந்தால், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று பொருள். அதுதான் பதிவேட்டில் விழும் கையெழுத்து. அந்த நொடியிலிருந்து மடல், பெற்ற வழங்கியின் பொறுப்பு. அது மடலைச் சேர்ப்பிக்க வேண்டும். முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். அற்பக் காரணங்களுக்காக மடலைத் தொலைக்கக் கூடாது என்று விதிமுறையே சொல்கிறது. எதிர்ப்பக்கம் கதவடைத்திருந்தால் நான்கைந்து நாளாவது திரும்பத் திரும்ப முயல வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் புகழ்பெற்ற வழங்கி, வேறு கட்டளை இல்லாவிட்டால் ஐந்து நாள் முயலும்.

மின்கம்பியைப் பிடுங்கிய சோதனை

என் வழங்கி முதல் மாதத்திலேயே நன்றாக ஓடியது. போஸ்ட்ஃபிக்ஸோடு வரும் சோதனைக் கருவி ஒன்றைக் கொண்டு நூற்றுக்கணக்கான மடல்களை அனுப்பினேன், எல்லாம் சேர்ந்தன. நிரலை நடுவழியில் கொன்றுவிட்டு மீண்டும் எழுப்பினேன். அப்போதும் ஒன்றும் தொலையவில்லை. பெருமையோடு விரிவுரையாளரிடம் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, “மின்கம்பியைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

பிடுங்கினேன். கணினி மீண்டும் எழுந்ததும் எண்ணிப் பார்த்தேன். 250 என்று பதில் சொல்லி வாங்கிய மடல்களில் பதினேழு காணவில்லை!

காரணம் இதுதான். நிரல் ஒரு கோப்பை ‘எழுது’ என்றால், இயங்குதளம் அதை உடனே வட்டில் எழுதுவதில்லை. நினைவகத்தில் வைத்திருந்து ஓய்வாக எழுதும். நிரல் மட்டும் செத்தால் நினைவகம் பிழைத்திருக்கும்; மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும். ஆகவே முதலில் மடலை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுத வேண்டும். ‘வட்டில் பதிந்த பிறகே திரும்பு’ என்று இயங்குதளத்தைக் கட்டாயப்படுத்த வேண்டும். பிறகு கோப்பை உரிய இடத்துக்கு மாற்றி, அந்த மாற்றத்தையும் வட்டில் பதிய வைக்க வேண்டும். அதன்பின்தான் 250 என்று சொல்லலாம். நான் வேகத்துக்கு ஆசைப்பட்டு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வட்டில் பதிந்து, 250 என்று சொல்வதற்குள் மின்சாரம் போனால்? அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். ஒரே மடல் இரண்டாக வந்து சேரும். அது தொல்லைதான். ஆனால் இரண்டு கடிதம் வந்து யாருடைய வாழ்க்கையும் திசைமாறியதில்லை.

தமிழ்ப் பெயர்களும் தமிழ்ச் சோதனைகளும்

எஸ்.எம்.டி.பி. ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்தில் வைத்துப் பிறந்தது. மடலின் உள்ளே பிற மொழிகளுக்கு 1992இல் மைம் என்னும் முறை வழிவகுத்தது. ஆனால் முகவரியே தமிழில் இருக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டுதான் அதற்கான விதிமுறை வெளிவந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் அதை 2015இல் வெளிவந்த 3.0 பதிப்பில் ஏற்றது.

யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு தேவை. முகவரியின் பெயர்ப்பகுதிக்கு எல்லை 64 பைட்டு. ஆங்கிலப் பெயருக்கு 64 எழுத்து கிடைக்கும். தமிழ்ப் பெயருக்கோ கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 21 குறிகள்தாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கோமதி’யில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் முதல் வகை 15 பைட்டு, இரண்டாம் வகை 18 பைட்டு. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவாக்காவிட்டால் ‘கோமதி என்று யாரும் இல்லை’ என்று வழங்கி மறுத்துவிடும். யூனிகோடின் பொது விதி இதைச் சரிசெய்துவிடும். ஆனால் ‘கௌரி’யை ஔகாரக் குறியிட்டு எழுதுவோரும் உண்டு, எகரக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதுவோரும் உண்டு. பொது விதி இவ்விரண்டையும் ஒன்றாக்காது. அதை அறிந்து சோதிக்கத் தமிழ் தெரிந்தவர் வேண்டும். ‘கௌரி’ என்ற பெயரை எந்த அயல்நாட்டு நிரலாளர் தம் சோதனைப் பட்டியலில் சேர்க்கப்போகிறார்?

வெளியீடு என்பது இன்னொரு கையெழுத்து

சோதனை முடிந்தால் வெளியிட்டுவிடலாமா? இங்கும் ஒரு பாடம் உண்டு. 1980களில் எங்கும் பரவியிருந்த வழங்கி, எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில். அதில் பிழைதிருத்துவோர் வசதிக்காக ஒரு வழி வைக்கப்பட்டிருந்தது. வெளியான பதிப்புகள் பலவற்றில் அது மூடப்படாமலே போய்விட்டது. 1988 நவம்பரில் பரவிய மோரிஸ் புழு, கணினிகளுக்குள் நுழையப் பயன்படுத்திய வழிகளில் அதுவும் ஒன்று. வீடு கட்டியவர் வைத்த ஏணியை எடுக்க மறந்தால் திருடனுக்குத்தானே வசதி?

பின்வந்தவர்கள் பாடம் கற்றனர். டேனியல் பெர்ன்ஸ்டைன் தம் கியூமெயிலில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிப்பவருக்கு 500 அமெரிக்க டாலர் பரிசு என 1997இல் அறிவித்தார். வீட்ஸ வெனிமா 1998இல் வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ், ஒரே பெரிய நிரலாக இல்லாமல் சிறு சிறு நிரல்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. அதில் புதிய வசதிகள் முதலில் தேதியிட்ட சோதனைப் பதிப்புகளில் வரும். பழகிய பின்னரே நிலைப்பதிப்புக்குப் போகும். நிலைப்பதிப்பு வெளியானபின் அதில் பிழைகளை மட்டுமே திருத்துவார்கள். ‘இதை நம்பலாம்’ என்று ஊரறியக் கையெழுத்திடுவதுதான் வெளியீடு என்று நான் புரிந்துகொண்டேன்.

நமக்கு என்ன வேலை?

‘அஞ்சல்’ என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய முரசு அஞ்சல் 1985இல் நம் நாட்டு முத்து நெடுமாறன் தொடங்கிய முயற்சி. தமிழைக் கணினியில் எழுத வழி செய்தவர்களுள் மலேசியரும் உண்டு. எழுதியது போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் பொறுப்பு நம் தலைமுறைக்கு உரியது. போஸ்ட்ஃபிக்ஸ் போன்றவற்றின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பெயரைத் தமிழில் முகவரியாக இட்டுச் சோதியுங்கள். எங்கே உடைகிறது என்று குறித்து அனுப்புங்கள். அதுவும் தமிழ்ப்பணியே.

என் வழங்கி சிறியது; உலகம் அதைப் பயன்படுத்தப்போவதில்லை. ஆனால் திருத்திய பின் இருபது முறை மின்கம்பியைப் பிடுங்கினேன். ஒரு மடலும் தொலையவில்லை. சென்ற விடுமுறையில் சித்தப்பாவிடம் இதை விளக்கினேன். அமைதியாகக் கேட்டவர், “இருபது போதுமாய்யா?” என்றார்.

இப்போது நூறாவது முறையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன்.