முதல் முறை மூழ்குவோர்க்கு எந்தப் பவளப்பாறை?

செங்கடல் என்றவுடன் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட மோசேயின் வரலாறே நம்மில் பலருக்கு நினைவில் எழும். ஆனால் இன்று எகிப்து நாட்டின் சீனாய் தீபகற்பத்திற்கு விடுமுறையில் செல்வோருள் பலர், அக்கடலின் ஓரத்தில் நீருக்கடியில் அமைந்துள்ள பவளப்பாறைகளைக் காண்பதற்காகவே செல்கின்றனர். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம்மவர்க்கு அது தொலைவான ஊரும் அன்று. நீச்சலுடன் நின்றுவிடாமல், முதுகில் காற்றுக் கலத்தைக் கட்டிக்கொண்டு மூழ்கிப் பார்க்க விரும்பும் புதியவர்கள், எந்த இடத்தில் இறங்கலாம், எந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதை இங்குச் சற்று விளக்கமாகக் காண்போம்.

1943ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஜாக் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும் எமில் காஞான் என்னும் பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய மூச்சுக் கருவியே இன்றைய ஸ்கூபா கருவிகளுக்கு முன்னோடி. நாம் எந்த ஆழத்தில் இருக்கிறோமோ, அந்த ஆழத்தின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில், நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் அது காற்றைத் தருகிறது. இந்த ஓர் அமைப்பை நன்கு புரிந்துகொண்டால், மற்றவை யாவும் தாமே விளங்கும்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் ஒன்று, 10 மீட்டரில் இரண்டு, 20 மீட்டரில் மூன்று, 30 மீட்டரில் நான்கு. ஆழம் கூடக்கூட ஒவ்வொரு மூச்சிலும் அடர்ந்த காற்றே உள்ளே செல்வதால், கலம் விரைவில் காலியாகிறது. 10 மீட்டரில் 60 நிமிடம் வரும் காற்று 20 மீட்டரில் 40 நிமிடமும் 30 மீட்டரில் 30 நிமிடமுமே வரும். புதியவரோ படபடப்பினால் மேலும் வேகமாக மூச்சு வாங்குவார். ஆகவே ஆழமற்ற இடமே அவருக்கு ஏற்றது.

ஆயினும் ஆழமற்ற இடம் என்பதாலேயே அது ஆபத்தற்றது என்று எண்ணிவிடலாகாது. இயற்பியல் பாடத்தில் நாம் படித்த பாயில் விதி இங்கே வருகிறது. 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறினால் நுரையீரலில் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரியும். 10 மீட்டரிலிருந்து மேலே வந்தாலோ இரண்டு மடங்காகும்! மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்து உயிருக்கே கேடு நேரலாம். எந்த ஆழமானாலும் மூச்சை நிறுத்தாதே என்பதே பயிற்சியின் முதல் பாடம். வேகமாக மேலெழுந்துவிடாமல், நிதானமாக ஏறி இறங்கக்கூடிய சரிவான தரை உள்ள இடம் புதியவருக்கு வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

தஹாப் என்னும் சிற்றூரைப் பார்ப்போம். அகபா வளைகுடாவின் கரையில் உள்ள இவ்வூரில், கலங்கரை விளக்கத்தின் பெயரால் வழங்கும் ஓர் இடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. படகு வேண்டாம், கரையிலிருந்து நடந்தே நீரில் இறங்கலாம். விரிகுடாவின் வளைவு அலையைத் தடுக்கிறது. காலடியில் மணல் சிறிது சிறிதாகச் சரிந்து செல்கிறது, பக்கத்தில் பவளப்பாறை. கால் தவறினாலும் மணலில்தான் நிற்போம். பயிற்சியாளர்கள் தம் மாணவர்களை முதன்முதல் இங்கு அழைத்து வருவது இதனாலேயே.

அதே ஊருக்குச் சில கிலோமீட்டர் வடக்கே ‘நீலக்குழி’ எனப்படும் இடம் உள்ளது. கரையை ஒட்டியே ஏறக்குறைய 100 மீட்டர் ஆழமுள்ள வட்டமான பள்ளம். அதன் சுவரில் ஏறக்குறைய 55 மீட்டர் ஆழத்தில் வளைவான வாயில் ஒன்று வெளிக்கடலுக்குத் திறக்கிறது. தெளிந்த நீரில் அது மிக அருகில் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது நீண்ட சுரங்கம். அந்த ஆழத்தில் நைட்ரஜன் வாயு மதுவைப்போல் அறிவை மயக்கும். காற்றும் விரைவில் தீர்ந்துவிடும். அங்கு உயிரிழந்தோருக்காக நண்பர்களும் உறவினர்களும் பதித்த நினைவுக் கற்களைக் கரையோரப் பாறையில் இன்றும் காணலாம். பள்ளத்தின் விளிம்பில் நீர்மட்டத்தருகே மிதந்து மீன்களைக் காண்பதில் தவறில்லை. ஆனால் புதியவர் மூழ்குவதற்கு உரிய இடம் அதுவன்று. காலடியில் தரையே தெரியாத செங்குத்துச் சுவர் எதுவானாலும் இப்படித்தான்: மிதப்பைச் சரிசெய்யத் தெரியாதவர், தாம் கீழே போவதை உணராமலே போய்க்கொண்டிருப்பார்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது நீரோட்டம். சீனாயின் தென்முனையில், சூயஸ், அகபா என்னும் இரு வளைகுடாக்கள் கூடும் இடத்தில் ராஸ் முகம்மது என்னும் தேசியப் பூங்கா 1983இல் அமைக்கப்பட்டது. அதன் பாறைகள் மிகவும் புகழ் பெற்றவை. நீரோட்டமும் மிகவும் வலியது. அங்கு 1980இல் தரைதட்டிய சரக்குக் கப்பலிலிருந்து சிதறிய கழிப்பறைக் கோப்பைகள் பவளங்களுக்கிடையே இன்றும் கிடக்கின்றன என்று சொன்னால் சிரிப்பு வரும். அவற்றைப் பார்க்கும் ஆவலும் வரும். அனுபவம் பெற்ற பின் பார்க்கலாம். 1941இல் குண்டுவீச்சில் மூழ்கி, இன்று 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் திசில்கார்ம் என்னும் ஆங்கிலேயக் கப்பலுக்கும் இதுவே பொருந்தும். புகழ் பெற்ற பெயரைக் கேட்டு இடத்தைத் தேர்ந்தெடுப்பதே விடுமுறைப் பயணிகள் செய்யும் பெரும் பிழை என்பது எம் கருத்து.

இத்தனைக்கும் ஆழத்தில் இறங்காததால் நாம் இழப்பது மிகக் குறைவே. பாறையைக் கட்டும் பவளப் பூச்சிகளின் உடலில் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவை சூரிய ஒளியால் உணவு தயாரித்துத் தம் வீட்டுக்காரருக்கும் தருகின்றன. எனவே ஒளி மிகுந்த மேல்நீரில்தான் பவளங்கள் செழித்து வளர்கின்றன. மீன்களும் அங்கேதான் கூடுகின்றன. மேலும், நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீட்டர் கடந்தாலே சிவப்பு மங்கி எல்லாம் நீலமாகத் தோன்றும். 5 மீட்டரில் பட்டுச்சேலைக் கடைபோலக் காணப்படுவது, 25 மீட்டரில் சாயம் போன துணியாகிவிடும்.

பாறைக்கும் நம்மால் ஆபத்துண்டு. உருண்டைப் பவளங்களில் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை. தடுமாறும் ஒருவரின் துடுப்புக்கால் ஒரு முறை பட்டால், பல ஆண்டுகளின் வளர்ச்சி நொடியில் முறியும். தொட்டவருக்கும் நல்லதன்று, நெருப்புப் பவளம் தோலைச் சுடும், கல்மீனின் முள்ளில் நஞ்சுண்டு. ஆகவே மிதப்பைப் பழகும்வரை, பாறையிலிருந்து சற்றுத் தள்ளி மணல்வெளி உள்ள இடமே இரு தரப்பாருக்கும் பாதுகாப்பு. செங்கடல் மற்றக் கடல்களைவிட உப்பு மிகுந்தது. உடல் அதில் எளிதில் மிதக்கும். இடுப்பில் கட்டும் ஈய எடையைக் கரையோரத்திலேயே சரிபார்க்காமல் உள்ளே செல்லக் கூடாது.

பெற்றோர் கேட்க வேண்டியவை சில உண்டு. பாடி என்னும் பயிற்சி நிறுவனத்தின் விதிப்படி 10 வயது நிரம்பியவரே கடலில் ஸ்கூபா மூழ்கலாம். அறிமுக முழுக்கிற்கு எல்லை 12 மீட்டர். பயிற்சி முடித்து முதற் சான்று பெற்ற பெரியவர்க்கு 18 மீட்டர். ஆசிரியர் ஒருவர் எத்தனை பேரை அழைத்துச் செல்கிறார்? அன்றைய காற்று எப்படி? சீனாய்க் கரையில் பெரும்பாலும் வடகாற்றே வீசும். அது வலுத்தால், முனைகளின் மறைவில் உள்ள இடத்திற்கு மாற ஆசிரியர் ஆயத்தமாக இருக்கிறாரா? ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இறங்கவே கூடாது. சாதாரணச் சளியானாலும் அன்று கரையில் இருப்பதே நலம். காதினுள் அழுத்தம் சமமாகாமல் செவிப்பறை கிழிய நேரலாம்.

நம்மவர்க்கென்றே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று. தஹாபுக்குச் செல்வோர் பலர், உள்நாட்டிலுள்ள புனித கத்தரீன் மடத்தையும் சீனாய் மலையையும் தரிசிக்க விரும்புவர். மலையுச்சி 2,285 மீட்டர் உயரம். மடமே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூழ்கும்போது உடலில் கரைந்த நைட்ரஜன், மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் அழுத்தம் குறைந்த உயரத்திற்குச் சென்றால், சோடா புட்டியைத் திறந்ததுபோல் இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழிகள் தோன்றக்கூடும். விமானத்தில் ஏறுவதற்கும் இதே தடைதான். பல நாள் மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பர். ஆகவே மலையை முதலில் தரிசித்துவிட்டுப் பின்னர் கடலுக்கு வருவதும், ஊர் திரும்பும் நாளுக்கு முந்திய நாளைக் கரையிலேயே கழிப்பதுமாகப் பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.